வெள்ளைக்காரனுக்குப் பாசம் கிடையாதாமே!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. கடையில ஒட்டடை அடிச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன். எனக்குக் கோபம் வந்தாத்தான் எழுத வருது, என்ன பண்றது. சாந்தமா இருக்கிற நாள்ல சாம்பார் நல்லா வருது, பதிவு வர்றதில்லை.

போன வாரம் கும்பகோணத்துலேருந்து சித்தப்பா போன். வழக்கமா "என்னம்மா, குளிரெல்லாம் எப்படி?"ன்னு ஆரம்பிக்கிறவர், எடுத்த எடுப்புல "கேள்விப்பட்டது நிஜமா? அண்ணியை ஹோம்ல சேக்கப் போறியாமே?"ன்னார். ஆமா சித்தப்பான்னேன். அரை நிமிஷம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் சொன்னார் பாருங்க, "வெள்ளைக்காரனைக் கட்டினப்பவே நெனச்சேன். கடைசியில நீயும் அவங்க மாதிரியே ஆயிட்டே."

டொக். வெச்சுட்டார்.

அந்த "அவங்க மாதிரி" எப்படின்னு சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்? அவர் கிட்டக்க பார்த்த ஒரே வெள்ளைக்காரன் எங்க வீட்டு ரங்கமணிதான். அதுவும் 2009ல, வேட்டி அவுந்துடுமோன்னு பயந்து மேல பெல்ட் கட்டிக்கிட்டு மணவறையில உக்காந்திருந்த ரங்கமணி. ஆனா சித்தப்பாவை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. இங்க ஹனோவர்ல நடந்த ஒரு பொங்கல் விழாவுலயும் இதே பாட்டுதான். மைக்கைப் பிடிச்ச ஒரு அண்ணன், "இந்த நாட்டுல எல்லாம் இருக்கு, குடும்பம்ங்கிற ஒண்ணு மட்டும் இல்லை. 18 வயசானா பிள்ளையை வெளிய தள்ளுவான், 70 வயசானா அப்பனை ஹோம்ல தள்ளுவான்"னு சொல்ல, ஒரே கைத்தட்டல். நானும் தட்டினேன்னு நினைக்கிறேன். பக்கத்துல எல்லாரும் தட்டும்போது கை தானா போயிடுது.

அந்தத் தட்டின கையாலதான் இதை டைப் பண்றேன்.

முதல்ல அந்த 18 வயசு சமாச்சாரத்தை முடிச்சுடறேன், ஏன்னா அது சின்ன மேட்டர். ஜெர்மனியில பிள்ளைங்க வீட்டை விட்டுப் போற சராசரி வயசு 24 வாக்குல. முதல் படிப்பையோ தொழிற்பயிற்சியையோ முடிக்கிற வரைக்கும் பெத்தவங்க செலவுக்குக் கொடுத்தாகணும்னு சட்டமே இருக்கு. கொடுக்கலைன்னா பிள்ளை கேஸ் போடலாம். படிச்சுக்கிட்டிருந்தா 25 வயசு வரைக்கும் அரசாங்கம் பிள்ளைக்கான மாசத் தொகையையும் கொடுக்குது. கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுற ஊர்ல இப்படியா சட்டம் போடுவாங்க? பசங்க தனியா போறாங்கதான். போய்ட்டு அழுக்குத் துணி மூட்டையோட ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்கு வந்து நிக்கிறாங்க. எங்க மச்சினன் 27 வயசு வரைக்கும் அப்படி வந்தான்.

இப்ப பெரிய மேட்டர்.

வந்த புதுசுல நானும் அந்த அண்ணன் கட்சிதாங்க. ஒத்துக்கறேன். முதல் தடவை மாமியார் வீட்டுக்குப் போனப்ப (ஹனோவர்லேருந்து ரயில்ல முக்கால் மணிக்குள்ள, நீன்பர்க் பக்கத்துல ஒரு கிராமம்) கேக் நீட்டினாங்க. நம்ம வழக்கப்படி "வேண்டாம்"னேன். தட்டு அப்படியே திரும்பிப் போயிடுச்சு! ரெண்டாவது தடவை கேக்கவே இல்லை. நம்ம ஊர்ல முதல் "வேண்டாம்" சும்மா மரியாதைக்கு, ரெண்டாவது பிகுவுக்கு, மூணாவதுக்குத்தான் அர்த்தம் பார்ப்போம். இங்க முதல் "வேண்டாம்"லயே கதை முடிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி ரயில்வே ஸ்டேஷன்ல சாண்ட்விச் வாங்கித் தின்னுட்டு, "உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கலை"ன்னு ரங்கமணிகிட்ட அழுதேன். அவருக்கு என்ன அழுகைன்னே புரியலை. "பசிச்சா ஆமான்னு சொல்லியிருக்கலாமே"ன்னார். அதைக் கேட்டு இன்னும் அழுதேன்.

மாமியாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும், நீ-வா-போன்னுதான் பேசணும்னப்போ நாக்கு எழும்பலை. ஆறு மாசம் பேரே சொல்லாம, அவங்க என் பக்கம் திரும்புற வரைக்கும் காத்திருந்து பேசி ஒப்பேத்தினேன். சரி ஐஸ் வைப்போம்னு பிறந்தநாளுக்கு முதல் நாளே வாழ்த்து சொன்னேன். அதுவும் போச்சு. முன்கூட்டியே வாழ்த்தினா இங்க அபசகுனமாம்.

2012ல பையன் பிறந்தான். அம்மாவுக்கு அப்போ வர முடியலை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. மாமியார் பார்த்துப்பாங்கன்னு நினைச்சேன். நாலாவது நாள் வந்தாங்க, கையில ஒரு கேக், ஒரு குட்டி ஸ்வெட்டர். ரெண்டு மணி நேரம் இருந்தாங்க, போய்ட்டாங்க. தொப்புள்கொடி, பால் கட்டிக்கிறது, குளிப்பாட்டுறது எல்லாம் பார்த்தது மருத்துவச்சி. அவங்க முதல் பத்து நாளும் தினமும் வீட்டுக்கே வருவாங்க, காப்பீட்டுல காசு போயிடும். அந்தம்மா தங்கம். ஆனா பத்தியச் சோறு போட ஆள் இல்லாத வீட்டுல படுத்துக்கிட்டு, "இதுங்களுக்கெல்லாம் ரத்தத்துல பாசமே கிடையாது"ன்னு சுவத்தைப் பார்த்துப் பேசினவ நான்தான். அந்த அண்ணன் மைக்குல சொன்னார், நான் சுவத்துகிட்ட சொன்னேன். வேற வித்தியாசம் இல்லை.

நாலஞ்சு வருஷம் கழிச்சு, ஜெர்மன் ஓரளவு வாய்ல வந்தப்புறம், மாமியார்கிட்ட இதைக் கேட்டே கேட்டுட்டேன். அவங்க முகம் செவந்துபோச்சு. "நீ கூப்பிடுவேன்னு தினமும் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கூப்பிடாம வந்து நின்னா உன் வீட்டுல அதிகாரம் பண்ற மாதிரி ஆயிடுமேன்னு வரலை. என் மாமியார் அப்படித்தான் என்னைப் பண்ணினாங்க"ன்னாங்க. அவங்க கூப்பிடாம வர மாட்டாங்க, நான் கேக்காம எதிர்பார்ப்பேன். நடுவுல போன் சும்மா கிடந்திருக்கு.

இப்ப மாமனார் கதைக்கு வர்றேன். சித்தப்பா, இது உங்களுக்கு.

2017ல மாமனாருக்குப் பக்கவாதம். வலது பக்கம் போச்சு, பேச்சும் பாதி போச்சு. அப்ப மாமியாருக்கு 61 வயசு, ஒரு பேக்கரியில பாதி நேர வேலை. வேலையை விட்டுட்டாங்க. ரெண்டரை வருஷம் அந்த மனுஷனைக் குளிப்பாட்டி, டயப்பர் மாத்தி, ஸ்பூன்ல ஊட்டினாங்க. சனி ஞாயிறு ரங்கமணி போய்டுவார், அவங்கம்மா தூங்கணும்னு. அப்பாவைப் புரட்டிப் படுக்க வெச்சு முதுகுக்கு க்ரீம் தடவுற வேலை அவரோடது. பேசவே தெரியாத வடக்கு ஜெர்மன்காரன், அப்பாவைக் கட்டிப்பிடிச்சு நான் பார்த்ததே இல்லை. ஆனா நகம் வெட்டி விடுவார், ஒவ்வொரு விரலா, அரை மணி நேரம்.

இதுல எனக்கு ஆச்சரியம் எங்கன்னா, இந்த வேலைக்கு இங்க ஒரு கணக்கு இருக்கு. 1995லேருந்து பராமரிப்புக் காப்பீடுன்னு ஒண்ணு, சம்பளத்துலேருந்து பிடிச்சுடுவாங்க. ஒரு அம்மா வீட்டுக்கு வந்து, தானா எழுந்திரிக்கிறாரா, தானா சாப்பிடுறாரா, ராத்திரி எத்தனை தடவை ஆள் வேணும்னு ஒவ்வொண்ணா கேட்டு மார்க் போட்டாங்க. நூத்துக்கு எழுபதுக்கு மேல வந்தா நாலாம் நிலை. (நான் எழுதின ஜெர்மன் ஏ1 பரீட்சையை விட மாமனார் நல்ல மார்க்.) வீட்டுலயே பார்த்துக்கிட்டா அந்த நிலைக்கு அப்போ மாசம் 728 யூரோ. அதை விடுங்க. பார்த்துக்கிற மாமியார் பேர்ல அவங்க ஓய்வூதியக் கணக்குக்குச் சந்தாவும் கட்டினாங்க! புருஷனுக்கு மலம் அள்ளினதுக்கு, பின்னாடி இவங்க பென்ஷன்ல நாலு காசு கூட வரும். வாரம் குறைஞ்சது 10 மணி நேரம், ரெண்டு நாளாவது பார்த்துக்கிட்டா இது வேலை, உழைப்புன்னு எழுதி வெச்சிருக்காங்க.

எங்க வீட்டுல எங்கம்மா செஞ்சதுக்கு எவன் எழுதி வெச்சான்?

எங்க பாட்டி, அதாவது அப்பாவோட அம்மா, 1994ல படுத்தாங்க. 2003ல போனாங்க. ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷமும் எங்கம்மா கும்பகோணத்தைத் தாண்டினதில்லை. சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குத் திருச்சிக்குப் போகலை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, வந்த வேலையை வேண்டாம்னவங்க. காலைல நாலரைக்கு எழுந்து பெட்பேன், அப்புறம் அடுப்பு, அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் தலைவாரி, திரும்ப பெட்பேன். எங்கப்பா நல்லவர்தான். "இன்னிக்கு அம்மா சாப்பிட்டாளா?"ன்னு ஆபீஸ்லேருந்து வந்ததும் கேப்பார். கேப்பார், அவ்ளோதான்.

சித்தப்பா தீபாவளிக்குத் தீபாவளி வருவார். ஒரு கிலோ அல்வா. பாட்டி கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, வந்தவங்க போனவங்ககிட்டயெல்லாம் சொல்வார், "இந்தக் காலத்துல யார் பார்த்துக்கிறா? நாங்க எங்கம்மாவைத் தாங்கு தாங்குன்னு தாங்கறோம்."

தாங்க"றோம்". அந்த "றோம்"ல நீங்க எங்க இருந்தீங்க சித்தப்பா? அந்தப் பன்மை முழுக்க எங்கம்மா ஒருத்தியோட முதுகெலும்புங்க.

நம்ம ஊர்ல பாசம்னு பேர் வெச்சிருக்கிறதுல பெரும்பங்கு ஒரு பொம்பளையோட சம்பளமில்லாத வேலை, இதுதான் எனக்குச் சொல்லணும். பாசம் இல்லைன்னு சொல்லலை. எங்கம்மாவுக்குப் பாட்டி மேல பாசம் இருந்தது, பாட்டி போனப்ப விழுந்து அழுதது அவங்கதான். ஆனா அந்த வேலையைச் செய்யாதவங்கதான் அந்தப் பாசத்துக்கு உரிமை கொண்டாடுறாங்க. மைக்கைப் பிடிக்கிறாங்க, ஃபார்வர்டு அனுப்புறாங்க. பெட்பேன் பிடிச்ச யாரும் வெள்ளைக்காரனைப் பத்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அவங்களுக்கு முதுகு வலி.

இன்னொண்ணு. பாசம் இப்படிக் காவிரி மாதிரி கரைபுரண்டு ஓடுற நாட்டுல, 2007ல பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்னு ஒண்ணு ஏன் வந்தது? பிள்ளைங்க மாசம் பத்தாயிரம் வரைக்கும் கொடுக்கணும்னு தீர்ப்பாயம் உத்தரவு போடலாம், வயசானவங்களைக் கைவிட்டா மூணு மாசம் ஜெயில். யாருக்காகப் போட்டாங்க, ஜெர்மன்காரனுக்கா? விருதுநகர் பக்கத்துத் தலைக்கூத்தல் பத்தி 2010ல பத்திரிகையெல்லாம் எழுதிச்சே, எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பி வைக்கிற சமாச்சாரம். அதை வெச்சு எடுத்த "பாரம்" படத்துக்குத் தேசிய விருது கூடக் கொடுத்தாங்க. நான் அதை நம்ம கலாசாரம்னு சொல்ல மாட்டேன். அப்ப ஒரு ஹோம் போட்டோவைக் காட்டி இதுதான் அவன் கலாசாரம்னு நீங்களும் சொல்லாதீங்க. ஜெர்மனியில 2023 கடைசிக் கணக்குப்படி பராமரிப்பு தேவைப்படுறவங்க 57 லட்சம் பேர். அதுல நூத்துக்கு 86 பேர் வீட்டுலதான் இருக்காங்க. ஹோம்ல இருக்கிறது 14. "எல்லாரையும் ஹோம்ல தள்ளிடுறான்" கதை இவ்ளோதான்.

அந்த 14லயும் எங்க மாமனார் சேர்ந்தார், பொய் சொல்லலை. 2019 கடைசியில மாமியாருக்கு டிஸ்க் நழுவி அவங்களே படுத்துட்டாங்க. ரங்கமணி அப்பாவை ஹோம்ல விட்டுட்டு வந்த அன்னிக்கு காரை வீட்டு வாசல்ல நிறுத்திட்டு முக்கால் மணி நேரம் இறங்கவே இல்லை. நான் மேலேருந்து பார்த்துக்கிட்டிருந்தேன். போகலை. அவங்க வழக்கம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு போல.

ஹோம் ஒண்ணும் சொர்க்கமில்லை. பெல் அடிச்சா ஆள் வர இருபது நிமிஷம் ஆன நாள் உண்டு. நர்ஸுங்க பத்தலை. கைக்காசு மாசாமாசம் உருவிக்கிட்டுப் போகும், மாமியார் வீட்டுச் சேமிப்பெல்லாம் அதுலதான் கரைஞ்சது. 2020 மார்ச்ல கொரோனான்னு கதவைச் சாத்தினப்ப, ரங்கமணி வாராவாரம் போய் தரைத்தளத்து ஜன்னலுக்கு வெளிய நின்னு கையாட்டிட்டு வருவார். உள்ள ஒரு கோட்டயத்துப் பொண்ணு நர்ஸ், மாமனாரோட இடது கையைத் தூக்கித் திரும்ப ஆட்ட வைப்பா. அவகிட்ட ஒருநாள் அரைகுறை மலையாளத்துல பேசினேன். அவ அம்மா ஊர்ல தனியா. "வேலைக்கு ஒரு சேச்சியை வெச்சிருக்கேன், காசு நான் அனுப்புறேன்"னா. இவ வெள்ளைக்காரனோட அப்பாவைப் பார்த்துக்கிறா, இவ அம்மாவை இன்னொருத்தி பார்த்துக்கிறா, அந்த சேச்சியோட அம்மாவை யாரு பார்த்துக்கிறாங்கன்னு நான் கேக்கலை.

2021 நவம்பர்ல மாமனார் போயிட்டார். அடக்கம் முடிஞ்சு எல்லாருக்கும் காப்பியும் வெண்ணெய் கேக்கும். சாவு வீட்டுல கேக்கான்னு பன்னிரண்டு வருஷம் கழிச்சும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சாப்பிட்டேன். நல்லா இருந்தது. ஒரே தடவைதான் கேப்பாங்கன்னு தெரியுமே, கேட்டதும் வாங்கிட்டேன்.

இனி எங்கம்மா.

அப்பா 2015ல போனதுலேருந்து கும்பகோணம் வீட்டுல தனி. அண்ணன் ஹூஸ்டன்ல. நான் இங்க. 2023 ஐப்பசி மழையில பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க. இடுப்பு எலும்பு. மதியம் விழுந்தவங்க தரையிலயே கிடந்திருக்காங்க, நாலு மணி நேரம். சாயங்காலம் பூ கொடுக்க வந்த பூக்காரம்மா ஜன்னல் வழியா முனகல் கேட்டு ஆளைக் கூப்பிட்டுக் கதவை உடைச்சாங்க. ரெண்டு தெரு தள்ளி சித்தப்பா வீடு. செல்போன் சைலன்ட்ல இருந்ததாம், மறுநாள் காலைல வந்தார். அண்ணன் பணம் அனுப்பிட்டு வீடியோவுல அழுதான். நான் மூணாவது நாள் போய்ச் சேர்ந்தேன். அம்மா என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "எதுக்குடி லீவு போட்டு வந்தே?"

நாங்க யாரும் அம்மாவை "ஹோம்ல தள்ளலை", பாருங்க. பாத்ரூம் தரையிலதான் விட்டு வெச்சிருந்தோம். அப்ப ஒருத்தரும் போன் பண்ணி "அவங்க மாதிரி ஆயிட்டே"ன்னு சொல்லலை. இந்த "தோம்"ல நானும் உண்டு, தப்பிக்கலை.

இங்க கூட்டிட்டு வந்து வெச்சுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. கேட்டேன். ஆபீஸ்ல "அசாதாரணக் கஷ்டம்" இருந்தாத்தான் பெத்தவங்களுக்கு நிரந்தரமா விசான்னாங்க. எழுபது வயசு விதவை, இடுப்புல ப்ளேட், தனியா இருக்காங்கன்னேன். அது சாதாரணக் கஷ்டமாம். 2024 மார்ச்லேருந்து சட்டத்தை மாத்தி, புதுசா வேலை விசா வாங்கி வர்ற படிச்ச ஆளுங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வர வழி பண்ணினாங்க. நான் 2009ல மனைவி விசாவுல வந்தவ, எனக்கு அந்தக் கதவு இல்லை. ஜெர்மனியைத் திட்டணும்னா இதுக்குத் திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டறேன். பாசம் அவங்களுக்கு இருக்கு. அடுத்தவன் பாசத்துக்குத்தான் முத்திரை குத்த மாட்டேங்கிறாங்க.

அதனால டூரிஸ்ட் விசா. 180 நாள்ல 90 நாள். 2024 ஏப்ரல்ல அம்மா வந்தாங்க.

வந்த அன்னிக்கு வாசல்ல காலிங் பெல்லைப் பார்த்துட்டு நின்னுட்டாங்க. எனக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு இல்லாததால, பாஸ்போர்ட்ல இருந்த அப்பா பேரே இங்க எனக்குக் குடும்பப் பேரா ஆயிடுச்சு. போஸ்ட்மேன்லேருந்து பல் டாக்டர் வரைக்கும் என்னை எங்கப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. பெல்லுலயும் அதேதான், ரங்கமணி பேருக்குக் கீழ. வாயால புருஷன் பேரைச் சொல்லாத அம்மா, விரலால அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாங்க. பெல் அடிச்சிடுச்சு. மேலேருந்து பையன் "யாரு?"ன்னான்.

மாமியாரும் அம்மாவும் நல்லா ஒட்டிக்கிட்டாங்க, பொது மொழி ஒண்ணும் கிடையாது. வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு சீசன் அது, ஷ்பார்கல்ம்பாங்க, நீன்பர்க் பக்கம் அதுக்குப் பேர் போனது. ரெண்டு பேரும் எதிரெதிரே உக்காந்து கிலோ கணக்குல தோல் சீவினாங்க. அம்மா அதை முருங்கைக்காய்க்குத் தம்பின்னு முடிவு கட்டி சாம்பார்ல போட்டுட்டாங்க. மாமியார் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க. கேக்காமலே!

ஆனா மீதி நேரம்? நான் ஆபீஸ், பையன் ஸ்கூல். ஞாயித்துக்கிழமை மிக்ஸி போடாதேம்மா, பக்கத்து வீட்டுல சத்தம்னு புகார் வரும்னேன். கதவைச் சாத்தினா உள்ள சுவர்க்கடிகாரச் சத்தம்தான். "ஜன்னல்ல உக்காந்து பஸ் எண்றேன்டி. இன்னிக்கு நாப்பத்தொண்ணு"ன்னாங்க ஒருநாள். ஜூன்ல ஹாம் காமாட்சி அம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருத்தர் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசினாங்க. அவங்க 80கள்ல அகதியா வந்தவங்க. கிளம்பும்போது என்கிட்ட சொன்னாங்க, "உங்கட அம்மாக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு ஊர் இருக்குப் பிள்ளை. இஞ்ச மறிச்சு வைக்காதையுங்கோ."

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில ரங்கமணிதான் அந்தக் கேள்வியைக் கேட்டார், அவரோட ஒடைஞ்ச தமிழ்ல. "அத்தை, நீங்க எங்க இருக்க ஆசை?"

அம்மா, "எனக்கென்ன மாப்ளே, நீங்கள்ளாம் சொல்றபடி"ன்னாங்க.

"நாங்க சொல்ல இல்லை. நீங்க சொல்லுங்க."

எனக்கு அவர் காலை மிதிக்கணும்னு இருந்தது. இப்படியா முகத்துக்கு நேரா கேப்பாங்க? அம்மா எழுந்து பாத்திரம் தேய்க்கப் போயிட்டாங்க. யோசிச்சுப் பார்த்தா, எழுபது வருஷத்துல எங்கம்மாவை யாருமே இதைக் கேட்டதில்லை. அப்பா கேட்டதில்லை, அண்ணன் கேட்டதில்லை, பெத்த பொண்ணு நானும் கேட்டதில்லை. நாங்க எல்லாரும் பாசமானவங்க. கேக்காமலே தெரிஞ்சுப்போம்.

மறுநாள் காலைல காப்பி ஆத்திக்கிட்டே சொன்னாங்க. கோயம்புத்தூர்ல வயசானவங்களுக்கான குடியிருப்பு ஒண்ணு, பழைய பக்கத்து வீட்டு மாமி அங்க போய் மூணு வருஷமாச்சாம், தினமும் போன்ல பேசுறாங்களாம், எனக்குத் தெரியவே தெரியாது. தனி ரூம், பாத்ரூம்ல கைப்பிடி, கூப்பிட்டா வர்ற நர்ஸ், பொதுச் சாப்பாட்டுக்கூடம். "சமைச்சு சமைச்சு அலுத்துப்போச்சுடி. நான் உக்கார, இன்னொருத்தர் எனக்குத் தட்டு வெக்கணும். ஒரு கொஞ்ச நாள். அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு, அவன் அழுவான்."

அவன் அழலை, கத்தினான். "ஊர் என்ன சொல்லும்? எனக்கு மானம் போகுது"ன்னான். சரிடா, நீ வந்து இருந்து பார்த்துக்கோன்னேன். "ப்ராக்டிகலா பேசு"ன்னான். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு வாரம் வர்றவனுக்கு மானம் மட்டும் வருஷம் முழுக்கக் கும்பகோணத்துலயே குடியிருக்கு. அதுல ஒரு வருஷம் ஓடிப்போச்சு. அம்மா அதுவரைக்கும் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு அதே பாத்ரூமுக்குத்தான் போய்க்கிட்டிருந்தாங்க.

ஒண்ணு ஒத்துக்கணும். இதெல்லாம் காசு இருக்கிறதால. அப்பாவோட குடும்பப் பென்ஷன், அண்ணன் கொடுக்கிறது (திட்டிக்கிட்டே கொடுக்கிறான், பாவம்), நான் அனுப்புறது எல்லாம் சேர்ந்துதான் அந்த ரூம். நம்ம ஊர்ல அரசாங்கம் 2023ல முதியோர் உதவித்தொகையை ஆயிரத்துலேருந்து 1200 ஆக்கிச்சு. அம்மாவைத் தூக்கி விட்ட பூக்காரம்மாவுக்கு வயசு அறுபத்தஞ்சு. அவங்க விழுந்தா எந்தக் குடியிருப்பு? கலாசாரம்னு மைக்குல கத்துறவங்க இதைப் பத்தி ஒரு பொங்கலுக்காவது கத்தினா, நான் ரெண்டு கையாலயும் தட்டுவேன்.

இப்ப அம்மா மூட்டை கட்டிக்கிட்டிருக்காங்க. அம்மிக்கல்லை எடுத்துட்டுப் போகலாமான்னு கேட்டாங்க, அங்க சமையலே இல்லையேம்மா, எதுக்குன்னேன். "யாருக்கும் கொடுக்க மனசில்லை"ன்னாங்க. பூக்காரம்மாவுக்குக் கொடுத்தாச்சுன்னு நேத்து சொன்னாங்க. தை பிறந்ததும் கிரகப்பிரவேசம், அவங்க வார்த்தைதான். மாமியார் வேற டிக்கெட் பார்க்கச் சொல்றாங்க, பிப்ரவரியில போய் ரெண்டு வாரம் பக்கத்துல விருந்தினர் ரூம்ல தங்கணுமாம். எதுக்குன்னு கேட்டா, "அவங்க என்னைக் கூப்பிட்டாங்க"ன்னு பெருமையா சொல்றாங்க. எந்த மொழியில கூப்பிட்டாங்கன்னு தெரியலை.

சித்தப்பா, நீங்களும் வாங்க. அல்வா வேண்டாம், அம்மாவுக்குச் சர்க்கரை. பார்வையாளர் நேரம்னு ஒண்ணும் கிடையாதாம், எப்ப வேணா வரலாம். வர்றதுக்கு முன்னாடி மட்டும் ஒரு போன் பண்ணிடுங்க. சாயங்காலம் அஞ்சுலேருந்து ஆறு பஜனை, ஆறரைக்கு மாமியோட வாக்கிங். அம்மா இப்பவே அப்பாயின்ட்மென்ட் கேக்கறாங்க.